முப்பத்து நாலு படுக்கை, நாற்பது ஃபைல்

ஜூன் 1

சிஸ்டர்,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஒரு தாளையாவது படித்துவிடுங்கள். போனில் பதினேழு தடவை கூப்பிட்டேன். பதினெட்டாவது தடவை மணியே அடிக்கவில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டீர்கள் என்று நம் வார்டு நெட்டையன் ஏணிதான் கண்டுபிடித்துச் சொன்னான். போகட்டும். நம் முதியோர் இல்லத்துத் துணிகளை எடுத்துப் போகிற சலவை வேன் டிரைவர், உங்கள் மகன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தலையணை உறைகளுக்கு நடுவில் வருவதால் கொஞ்சம் சோப்பு வாசனை அடிக்கும்.

உங்கள் முதுகைப் பற்றி மேனேஜரிடம் போய்ச் சொன்னது நான்தான். இல்லை என்று சொல்ல வரவில்லை. அன்றைக்குக் காலையில் மருந்து அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, நெற்றியெல்லாம் வேர்வை. என்னவென்று கேட்டதற்கு என்மேல் எரிந்து விழுந்தீர்கள். பத்து நிமிடம் கழித்து, எண்பது கிலோ கண்டக்டர் ஐயாவைத் தனி ஆளாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதீர்கள். வெளியே துண்டோடு நின்றிருந்தது நான். அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் ஆகுமா? சும்மா இருக்கும்போதே மூடத் தெரியாதவள் நான். அதற்காகத்தானே எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தீர்கள்.

மேனேஜர் உங்களை இரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்புவார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எல்லார் முன்னாலும் என்னைக் "காட்டிக் கொடுத்தவ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதைவிட, "சிஸ்டர் எப்ப சார் திரும்பி வருவாங்க?" என்று நான் கேட்டதற்கு அவர், "அத அப்புறம் பாக்கலாம்" என்றாரே, அதுதான் ராத்திரி தூங்க விடமாட்டேன் என்கிறது. உங்களுக்கு இந்த இல்லத்தை விட்டால் வேறு உலகம் ஏது? நீங்கள் திரும்பி வராமல் போனால் அந்தப் பாவம் என் தலையில்தான்.

சாவிக் கொத்தை என் இடுப்பில் சொருகிவிட்டுப் பொறுப்பு நீதான் என்று சொல்லிவிட்டார்கள். துணி அலமாரிக்கு எந்தச் சாவி? நேற்று முழுக்கத் தேடினோம். மன்னிக்க வேண்டாம், சாவியையாவது சொல்லுங்கள்.

ரேடியோ


ஜூன் 3

ரேடியோவுக்கு,

எல்லாவற்றிலும் சின்னச் சாவி. தலையில் நீல நூல் சுற்றியிருக்கும். திறக்கும்போது கதவை முழங்காலால் கொஞ்சம் தள்ள வேண்டும்.

ஏழாம் படுக்கை கணக்கு டீச்சருக்கு மாத்திரையைப் பொடி செய்து கொடுக்காதே, அவமானமாக நினைப்பார். முழுசாகக் கொடு. முழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லாதே, அதுவும் அவமானம். ஒரு பெருக்கல் கணக்குக் கேள். விடை தெளிவாக வந்தால் மாத்திரை உள்ளே போய்விட்டது. கொழகொழவென்று வந்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

எது செய்தாலும் ஃபைலைப் பார்த்துச் செய். டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் செய்தே ஆக வேண்டும். பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. அவர் எழுதாததை உன் இஷ்டத்துக்குச் செய்யக்கூடாது. இந்த ஒரு விதியை வைத்துத்தான் பதினோரு வருடம் அந்த இடத்தை ஓட்டினேன்.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. இது சாவிக்கு எழுதிய பதில், அவ்வளவுதான். போனில் கூப்பிடாதே. போன் என்றால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடிதம் என்றால் மடித்து வைத்துவிடலாம்.

பொறுப்புச் சிஸ்டர் (விடுப்பில்)


ஜூன் 8

சிஸ்டர்,

சாவி கிடைத்தது. முழங்காலால் தள்ளினேன், முழங்காலில் ரத்தம் கட்டிவிட்டது. அலமாரி திறந்துகொண்டது. டீச்சரம்மாவிடம் பதினேழு பெருக்கல் பதினாறு கேட்டேன். அவர் சொன்னது சரியா என்று எனக்குத்தான் தெரியவில்லை, போனில் தட்டிப் பார்த்தேன். சரிதான்.

இனி கஷ்டத்தைச் சொல்கிறேன். பகலில் நாங்கள் ஐந்து பேர். நான், ஏணி, புதிதாக வந்த பெண் (நாங்கள் அவளைப் புதுசு என்றே கூப்பிடுகிறோம்), அப்புறம் எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிகிற அந்த இரண்டு பேர், இரட்டைகள். முப்பத்து நாலு படுக்கைக்கு ஐந்து பேர். நீங்கள் இருந்தபோது நாங்கள் ஐந்து பேர் என்பதே தெரியவில்லை. உங்களைப் பத்துப் பேராகக் கணக்கு வைத்திருந்தோம் போலிருக்கிறது.

நேற்று மதியம் துணி அறைக்குப் போனால், புதுசு அழுக்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "ஏன்டி நின்னுக்கிட்டுத் திங்கிற?" என்றேன். "உக்காந்தா எழுந்திருக்க முடியாதுக்கா" என்றாள். இருபத்து மூன்று வயது, சிஸ்டர்! எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு!

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தாத்தா பாட்டிகளுக்குத் தினமும் தாள் எழுதுகிறோமே, எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தார், எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை தடவை சிறுநீர் போனார், எங்கே வலி, மனசு எப்படி என்று. அதே தாளை எங்கள் ஐந்து பேருக்கும் எழுதினால் என்ன? சும்மா ஒரு வாரம். என் தாளைக் கேளுங்கள். தண்ணீர்: காலை ஆறு மணிக்கு ஒரு தம்ளர். சாப்பாடு: பாதி, நின்றுகொண்டு. சிறுநீர்: காலை ஆறு, அப்புறம் மாலை நாலு. கால்: இரண்டும் வீக்கம். இதே தாள் டீச்சரம்மாவுடையதாக இருந்திருந்தால், நீங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு என்னையும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள்.

தனி அட்டை கிடைக்கவில்லை. அதனால் அதே மஞ்சள் ஃபைலில் போட்டு, முப்பத்தைந்து முதல் நம்பர் போட்டு, அதே ரேக்கில் வைத்திருக்கிறோம்.

ரேடியோ


ஜூன் 10

ரேடியோ,

உனக்கு மூளை இருக்கிறதா, அல்லது அதையும் சலவைக்குப் போட்டுவிட்டாயா? ஃபைல் என்ன விளையாட்டுச் சாமானா? அந்த ஐந்தையும் ரேக்கிலிருந்து இன்றைக்கே எடு.

எனக்கும் கால் வீங்கியிருக்கிறது, நானும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன். யாரிடமாவது போய்ப் புலம்பினேனா? வேலை என்றால் அப்படித்தான். உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் வேறு வேலைக்குப் போக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குக் கால் வீக்கம் உண்டா? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? ரத்த அழுத்தம் பார்த்தாயா? பார்த்து எழுது. ஃபைலில் இல்லை, எனக்கு.

இங்கே என் நிலைமை சிரிப்பாய்ச் சிரிக்கிறது. மருமகள் ஒரு செம்பைக்கூடத் தூக்க விடமாட்டேன் என்கிறாள். நேற்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, வாளித் தண்ணீரைத் தூக்கிச் செடிக்கு ஊற்றப் போனேன். எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து, "மாமியார் வாளி தூக்கறாங்க!" என்று கத்திவிட்டாள். தெருவே உளவுத்துறையாக இருக்கிறது. எங்கே போனாலும் எனக்கு ஒரு ரேடியோ வாய்க்கிறது.

சிஸ்டர்


ஜூன் 11

சிஸ்டர்,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திட்டுவதை மொத்தமாகச் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்று வியாழக்கிழமை. டாக்டர் வருகிற நாள் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. நான் கண்டக்டர் ஐயாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, மாதத்துக்கு ஒரு வாரம்தான் அவர் எல்லாரையும் நேரில் பார்ப்பார். மற்ற வாரங்களில் குனிந்த தலை நிமிராமல் ரேக்கிலிருக்கும் ஃபைலை வரிசையாகப் புரட்டி எழுதிவிட்டுப் போவார். இன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றது புதுசு. "ஏம்மா, புதுசா ஆளுங்க சேந்திருக்காங்களா? இந்த வாரம் கூட்டம்தான்" என்று கேட்டிருக்கிறார். அவள் பயத்தில் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

அவர் எல்லாவற்றிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார், சிஸ்டர்!

எனக்கு: தினமும் எட்டுத் தம்ளர் தண்ணீர், காலையும் மதியமும் இருபது நிமிடம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்க வைக்கவும். இரட்டைகளுக்கு: கனமான எதையும் தூக்கவிடக் கூடாது, முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம். ஏணி தன் தாளில் நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று உண்மையை எழுதித் தொலைத்திருக்கிறான். அவனுக்கு: எனிமா. அந்த எழுத்தைப் படித்ததும் சைக்கிளை எடுத்தவன்தான், பேயறைந்த மாதிரி வாசலைத் தாண்டிப் போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்து, "போயிட்டேன்க்கா, போயிட்டேன், வேணாம்" என்று போன் பண்ணுகிறான்.

ஆனால் புதுசின் ஃபைலைப் படித்துவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அவளைப் பார்த்தே, "இந்த முப்பத்தெட்டாம் நம்பர் ரொம்ப ஒடிஞ்சு போயிருக்காங்கம்மா. தினம் யாராவது பக்கத்துல உக்காந்து சாப்பிட வைங்க. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருங்க. தனியா விட்டுடாதீங்க" என்றாராம். இவள், "சரி டாக்டர், பாத்துக்கறேன்" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது முதலில் சிரித்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன். நீங்கள் கேட்டபடி பார்த்தேன், அவள் கால் வீக்கத்தை அழுத்தினால் குழி விழுகிறது. அழுத்தம் நூறுக்கு அறுபது.

இப்போது என்ன செய்வது? டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் செய்தே ஆக வேண்டும் என்று எழுதியது நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.

ரேடியோ


ஜூன் 13

ரேடியோ,

எனிமா என்ற இடத்தில் சிரித்தேன். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. நான் கத்தின கத்தலில் மகன் ஓடி வந்தான். வலியில் கத்துகிறேனா, சிரிக்கிறேனா என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தான். வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து அவன் பார்த்ததில்லையாம். பொய் சொல்கிறான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிரித்திருக்கிறேன்.

விதி விதிதான். டாக்டர் வந்து தானே கோடு போட்டு அடிக்கும்வரை எழுதியதைச் செய்ய வேண்டும். எனிமாவை நிறுத்தி வை. நோயாளி சம்மதிக்காமல் செய்யக்கூடாது என்பதும் விதி.

மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை பாதிப் பேர் தூங்குவார்கள். அப்போது இரண்டு பேர் படுக்கட்டும், மூன்று பேர் பார்க்கட்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். படுக்க இடம் இல்லை என்று இழுக்காதே. மருந்து அறைக்குப் பின்னால் உடைந்த சக்கர நாற்காலிகளைக் குவித்து வைத்த அறை, முதலில் பணியாளர் ஓய்வறையாகத்தான் கட்டினார்கள். சாவி மருந்து அறை ஆணியில் தொங்குகிறது. காலி செய்.

அந்தப் பெண்ணுக்கு உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கொடு. பக்கத்தில் நீ உட்காராதே. நீ உட்கார்ந்தால் நீயே பேசுவாய், அவள் சாப்பாடு ஆறிப் போகும். கணக்கு டீச்சரை உட்கார வை.

நான் உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

சிஸ்டர்


ஜூன் 22

சிஸ்டர்,

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தாளைத் திருப்பி முதலில் அதைப் படித்துவிடாதீர்கள்.

அறையைக் காலி செய்தோம். பதினொரு உடைந்த நாற்காலிகள், ஒரு மூட்டை ஊன்றுகோல், சுவரோரமாக ஒரு பெரிய பெட்டி. பிரித்தால் உள்ளே ஆளைத் தூக்கும் மிஷின்! பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத புத்தம் புதுசு. கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. "இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் வெளியே எடுக்கவும்." உங்கள் கையெழுத்து, சிஸ்டர். நான்கு வருடம் முந்தைய தேதி. இரட்டைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது கண்டக்டர் ஐயா அதில்தான் தினமும் ஏறி இறங்குகிறார். ஏறினதும், "ரைட், போலாம்!" என்கிறார். எங்கள் ஓய்வு நேரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஒன்றரை அடித்தால் விசில் ஊதி, "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டுகிறார். இருபது நிமிடத்துக்கு முன்னால் தலையைத் தூக்கினால், "ஸ்டாப்பிங் இன்னும் வரல" என்று திருப்பி அனுப்புகிறார். போன வியாழக்கிழமையும் டாக்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீச்சரம்மா புதுசின் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சாப்பிட வைக்கிறார். போன செவ்வாய்க்கிழமை முழு டப்பாவும் காலி. டீச்சரம்மாவே அவளுடைய தாளில் நூற்றுக்கு நூறு என்று மார்க் போட்டார்.

இனி கெட்டது. நேற்று மேனேஜர் திடீரென்று வந்தார். நானும் ஏணியும் காலைத் தலையணை மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறோம். மனுஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இது முதியோர் இல்லமா, உங்க மாமியார் வீடா?" என்று கத்தினார். நான் ஃபைலை நீட்டினேன். டாக்டர் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஃபைல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். முப்பதாம் தேதி நிர்வாகக் குழுவைக் கூட்டி, டாக்டரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

அவர் அள்ளிப் போனது ஐந்து இல்லை, ஆறு. இதைத்தான் உங்களிடம் மறைத்தேன். நாற்பதாம் நம்பர் ஃபைல் உங்களுடையது. உங்கள் கடைசி நாளை நினைவிலிருந்து தாளாக எழுதினேன். மூன்று வருடமாகச் சீருடைக்குள் கட்டுகிற பெல்ட்டு, பையில் இருக்கிற வலி மாத்திரை, ஜன்னல் கம்பி, பாத்ரூம் எல்லாவற்றையும். ஏன் எழுதினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் ஐந்து பேரோடு உங்களையும் சேர்த்து வைக்காமல் மனசு கேட்கவில்லை. அதில் டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "இவரை இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டது யார்? விளக்கம் தேவை."

அதைப் படித்துவிட்டு மேனேஜர், "இப்படிப்பட்ட முதுக வச்சுக்கிட்டு இனி எப்படி வேலைக்கு வருவாங்க? மரியாதையா ஓய்வு கொடுத்து அனுப்பிட வேண்டியதுதான்" என்றார். முதல் தடவை வாயால் கெடுத்தேன், இந்தத் தடவை பேனாவால். உங்கள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தாளில் அதையும் எழுதியிருக்கிறேன்.

ரேடியோ


ஜூன் 24

ரேடியோ,

நேற்று முழுக்க உனக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ எழுதிய தாளில் எங்கேயாவது ஒரு பொய் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உன்னை ஒரு வழி பண்ணியிருப்பேன். இல்லை. அதனால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

அந்த மிஷின் வந்த அன்று நான்தான் பெட்டியைப் பூட்டி வைத்தேன். புதுச் சாமான், எல்லாரும் கண்டபடி கையாண்டு கெடுத்துவிடுவார்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கண்ணில் பளபளவென்று படவேண்டும் என்று நினைத்தேன். மிஷின் கெட்டுப்போகக் கூடாது என்று பார்த்தவள், ஆட்கள் கெட்டுப்போவதைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் என் முதுகு போனது. அப்போதாவது திறந்தேனா? திறந்தால் எல்லாருக்கும் தெரிந்துபோகுமே. எனக்கு முன்னால் இருந்த பொறுப்புச் சிஸ்டருக்கு முட்டி போனபோது ஒரே வாரத்தில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மாலையை வாங்கி வந்தவள் நான். அதே மாலை என் கழுத்துக்கும் வரும் என்ற பயம், வேறென்ன.

உங்களில் யாராவது ஒரு நிமிடம் உட்கார்ந்தால் "சொகுசு" என்று சொல்வேன். நினைவிருக்கிறதா? அந்தச் சின்னப் பெண் வந்த முதல் வாரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் அந்த வார்த்தை சொல்லித்தான் எழுப்பினேன். அதன்பிறகுதான் அவள் துணி அறையில் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டு நாளாக அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

டாக்டர் விளக்கம் கேட்டிருக்கிறார். ஃபைலில் கேட்டால் ஃபைலிலேயே பதில் சொல்ல வேண்டும். இதோடு வைத்திருக்கும் தாளை முப்பதாம் தேதி அவரிடம் நேரில் கொடு. நடுவில் பிரித்துப் படிக்காதே. படிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வேலை போனால் போகட்டும். நீ சாப்பிடு.

சிஸ்டர்


ஜூலை 1

சிஸ்டர்,

நான் பிரிக்கவே இல்லை. ஆறு நாள்! இடுப்பில் சாவிக் கொத்தோடு சேர்த்துச் சொருகிக்கொண்டு திரிந்தேன். ஏணிகூட நம்பவில்லை. அதனால் நேற்று கூட்டத்தில் டாக்டர் எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தபோதுதான் நானும் முதல்முதலாகக் கேட்டேன்.

"நாற்பதாம் நம்பர் ஃபைல் பற்றிய விளக்கம். இந்த நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் இந்த நோயாளியேதான். மூன்று வருடம் கவனிக்கவில்லை. இவருக்குக் கீழே வேலை செய்த ஐந்து பேரையும் இவர் அப்படியே விட்டுவிட்டார். அவர்கள் சொல்ல வந்தபோது காது கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும் இவர் பேச்சை மீறி மேலிடத்தில் போய்ச் சொன்னார். அவர் செய்தது சரி."

கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார் போல எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ. நான் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இரட்டைகளில் ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்பதாவது தம்ளர்.

மேனேஜர் டாக்டரிடம், "சார், தப்பா எழுதிட்டீங்க, அந்த அஞ்சு ஆர்டரையும் அடிச்சிடுங்க" என்றார். டாக்டர் கொஞ்சம் அசடு வழிந்தார். அப்புறம் சொன்னார்: "நாப்பது தாள் படிச்சேன். ஆறு பேர் இங்க வேலை பாக்கறவங்கன்னு எனக்கு வித்தியாசமே தெரியல. அப்ப தப்பு என் கண்ணுல மட்டும் இல்லையே." பேனாவை எடுத்து, ஐந்து பேரையும் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டார். ஏணியிடம் மட்டும், "உங்களுக்கு இப்ப பரவாயில்லையா?" என்றார். ஏணி, "ரொம்ப நல்லாயிருக்கேன் டாக்டர்" என்று கும்பிட்டான். குழுத் தலைவி அம்மாள்கூடச் சிரித்துவிட்டார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தலைவி அம்மாள், "அவங்க திரும்பி வரட்டும். ஆள் தூக்கக் கூடாது, மத்ததெல்லாம் அவங்க பொறுப்புதான்" என்றார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. நாற்பதாம் ஃபைல் ரேக்கிலேயே இருக்கும். எங்களைப் போல உங்களுக்கும் தினமும் தாள் எழுதுவோம். உங்கள் தாளை நீங்கள் எழுதக் கூடாது, வேறு ஒருவர்தான் எழுத வேண்டும். மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். சம்மதம் என்றால் திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சாவிக் கொத்து எனக்கே நிரந்தரம்.

எனக்கு உங்களைத் தெரியும், சிஸ்டர். உதவிக்கு யாராவது ஒரு கை நீட்டினால் நாலு அடி தள்ளிப் போகிறவர் நீங்கள். கண்டக்டர் ஐயா விசில் ஊதி உங்களைப் படுக்கப் போகச் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்துவிடுங்களேன். நீங்கள் இல்லாமல் நான் சமாளித்தேன், அது உண்மை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

ரேடியோ


ஜூலை 3

ரேடியோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, முடியாது என்று எழுத மூன்று தாளை வீணாக்கினேன். என்னைக் கட்டிலில் கிடத்தி, தண்ணீர் குடித்தேனா என்று நீங்கள் கேட்பதா? முப்பது வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்.

நேற்றுக் காலை மருத்துவமனைக்குக் கிளம்பினோம். செருப்பை மாட்டக் குனிந்தேன், முடியவில்லை. வழக்கமாக மருமகள் பார்க்காத நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ காலை நுழைத்துவிடுவேன். நேற்று என்ன தோன்றியதோ, "கொஞ்சம் மாட்டி விடும்மா" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் உதவி அதுதானாம். மாட்டிவிட்டு நிமிர்ந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரிசு கொடுத்த மாதிரி இருந்தாள். எனக்குத்தான் கூசியது. எத்தனை ஆயிரம் கால்களுக்கு நான் செருப்பு மாட்டியிருக்கிறேன்! அவர்களுக்கும் இப்படித்தான் கூசியிருக்கும். ஒருவரையாவது நான் கேட்டதில்லை. ஆட்டோவில் போகும்போது அழுதுவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உருவிக்கொள்ளவில்லை.

மேனேஜருக்கு எழுதிய சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. ஒட்டிவிட்டேன், பிரிக்காதே. ஆகஸ்ட் முதல் தேதி வருகிறேன். அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு ஒலிபரப்பாதே.

என் தாளை நீதான் எழுத வேண்டும், வேறு யாரும் வேண்டாம். அதில் ஒரு விஷயம். "வலி இருக்கா சிஸ்டர்?" என்று நீ கேட்பாய். "ஒண்ணுமில்ல" என்று நான் சொல்வேன். முப்பது வருடப் பழக்கம், ஒரு நாளில் விட்டுப் போகாது. நீ அதை எழுதிக்கொள்ளாதே. பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார். வலி தெரிந்தால், நான் எவ்வளவு கத்தினாலும் சரி, நேராகப் போய் மேனேஜரிடம் சொல்லு.

உன்
சிஸ்டர்